வாசிகசாலைப் பேச்சும் வானலை உரிமையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வடமராட்சியிலுள்ள ஒரு சனசமூக நிலையத்திற்கு உரையாற்றச் சென்றிருந்தோம். ஆறு மணிக்குக் கூட்டம் என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆறரை மணியாகியும் பதினைந்து பேருக்கு மேல் வந்தாரில்லை. வந்தவர்களும் மேடையை நோக்கி இட்டிருந்த கதிரைகளில் அமராது, வாசிகசாலை விறாந்தையிற் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் வாங்கிய தட்டைத் தொலைக்காட்சிப் பெட்டி ஆறாம் மாதத்திலேயே இருண்டுபோன கதை. மற்றொருவர் மகனுக்குக் கைத்தொலைபேசி வாங்கப் போய் விலையைக் கேட்டுத் திரும்பி வந்த கதை. மூன்றாமவர் ‘டிஷ்’ கட்டணம் மாதந்தோறும் ஏறுவதைப் பற்றி. நம்மைக் கண்டதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “வாங்கோ தம்பி, நாங்கள் அரசியல் ஒண்டும் கதைக்கேல்லை, சும்மா ரீவீக் கதைதான்” என்று சமாதானம் கூறினார்.

அவர் கூறிய அந்தச் சமாதானமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தொலைக்காட்சி பற்றியும் தொலைபேசி பற்றியும் பேசுவது அரசியலன்று என்னும் எண்ணம் நம் மக்களிடையே எங்ஙனம் வேரூன்றிற்று? குற்றம் மக்களுடையதன்று. மேடையேறிய நம் போன்றோருடையது. அரசியல் என்றால் தீர்வுத் திட்டம், தேர்தல், மாநாடு, தீர்மானம் என்றே பல்லாண்டுகளாக நாம் பேசிவந்தோம். குடியானவன் தன் வீட்டு மூலையிலிருக்கும் பெட்டியைப் பற்றி முறையிட்டபோது, “இதுவும் ஒரு பிரச்சினையா?” என்று நகைத்தோம். அப்பெட்டியினுள்ளே வருவதை யார் தீர்மானிக்கின்றார், அதன் விலையை யார் ஏற்றுகின்றார், அது பழுதாயின் யாரிடம் எந்த மொழியில் முறையிடுவது என்ற வினாக்கள் யாவும் ஆட்சி பற்றிய வினாக்கள் அல்லவா?

நாற்பது வயதைக் கடந்த யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையின் பட்டியலில் பற்றறியும் ஒன்று. கையடக்கமான ஒரு மின்கலம் பீரங்கிக் குண்டுக்குச் சமமான பொருளாக எண்ணப்பட்ட காலம் அது. நாம் அப்போது சிறுவர். மாலையானதும் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ‘டைனமோ’வை டயரிற் பொருத்தி, அதிலிருந்து இரு கம்பிகளை வானொலிக்கு இழுத்து, கையாற் பெடலைச் சுழற்றுவது நமது கடமையாயிருந்தது. சுழற்றும் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். உடனே உள்ளிருந்து அதட்டல் வரும். லண்டனிலிருந்து வந்த தமிழோசையை அயலவர் பத்துப் பேர் முற்றத்தில் அமர்ந்து கேட்டனர். செய்தி முடிந்ததும் அது பற்றிய வாதம் தொடங்கும். அரசியலில் நாம் பெற்ற முதற் பாடம் அந்தச் சில்லின் அருகேதான்.

அதற்கு முன் வாழ்ந்தோர்க்கு வேறொரு நினைவு உண்டு. 1980களில் ஊரெங்கும் வீட்டுக் கூரைகளின் மேல் உயர்ந்த கம்பங்கள் எழுந்தன. அவற்றின் உச்சியிலிருந்த அன்ரெனாக்கள் கொழும்பை நோக்கியவை அல்ல. பாக்கு நீரிணைக்கு அப்பால், தூரதர்ஷனை நோக்கியவை. தன் மொழியில் பாட்டும் பேச்சும் எங்கிருந்து வருகின்றதோ அத்திசைக்குத் தன் கம்பத்தைத் திருப்புவது மனித இயல்பு. அந்த அன்ரெனாக்கள் எவரும் எண்ணிப் பாராத வாக்குச் சீட்டுகள் என்று சொன்னால் மிகையாகாது.

இலங்கையில் தொலைக்காட்சி பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 ஏப்ரல் 13ஆந் தேதி தனியார் முயற்சியாகச் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிற்று. இரண்டு மாதங்கள் நிறைவுறுமுன், அவ்வாண்டு யூன் மாதத்திலேயே அரசாங்கம் அதனைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் ‘சுயாதீனம்’ என்றே இன்றுவரை நிற்கின்றது! 1982 பெப்ரவரியில், யப்பான் அரசு வழங்கிய நன்கொடை உதவியோடு ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 1990இல் கொக்காவில் பரப்புக் கோபுரம் போரில் அழிந்தது. மீண்டும் அது எழுந்தது 2011இல். ஓராண்டுக் குழந்தை இருபத்திரண்டு வயதாகும் காலம்.

நாட்டின் தொலைக்காட்சியிலே தமிழுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? நேத்ரா என்னும் அலைவரிசை, ‘சானல் ஐ’யுடன் ஒரே அலையை நேரம் பிரித்துப் பங்கிட்டுக்கொண்டே நெடுங்காலம் நடந்தது. “கிரிக்கெட் வந்தால் தமிழ் போயிடும்” என்று விறாந்தையில் நின்ற இளைஞர் ஒருவர் சொன்னதை, அரசகரும மொழி பற்றிய எத்தனையோ அறிக்கைகளை விடக் கூர்மையான விமர்சனமாக நாம் கொள்கின்றோம். கிரிக்கெட்டில் நமக்குப் பகையில்லை. அவ்விளைஞரும் அடுத்த மூச்சிலேயே ஆட்ட முடிவைத்தான் விசாரித்தார்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். இவ்விடயத்தில் இலங்கையின் உயர் நீதிமன்றம் தந்த இரு தீர்மானங்களை நம் மக்கள் அறிந்திருப்பது அவசியம். ஒன்று 1996ஆம் ஆண்டினது: பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். வானொலியில் நடந்துவந்த ஒரு முறைசாராக் கல்வி நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சி நடத்தியவரல்ல, அதிற் பங்குபற்றிவந்த ஒரு நேயர் வழக்குத் தொடுத்தார். நிறுத்தியது அவருடைய பேச்சுச் சுதந்திரத்தை, அதாவது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையை, மீறியதாகும் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். பங்குபற்றும் நேயனுக்கும் உரிமையுண்டு என்பது சிறிய காரியமன்று. மற்றது 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றியது. வானலைகள் பொதுமக்களின் சொத்து. அரசாங்கம் அவற்றிற்கு நம்பிக்கைப் பொறுப்பாளன் மாத்திரமே. அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானதாக இருத்தல் வேண்டும் என்பது நீதிமன்றின் கருத்து. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதெனக் காணப்பட்டுக் கைவிடப்பட்டது. அத்தகைய சுதந்திரமான சபையோ அதன் பின்னும் அமைக்கப்படவில்லை. கூடாதென்று நீதிமன்றம் சொன்னதை விட்ட அரசாங்கங்கள், வேண்டுமென்று சொன்னதைச் செய்யவில்லை.

சபை இல்லாத நாட்டில் என்ன நடக்கும்? அமைச்சின் ஒரு வேண்டுகோள் போதும். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆந் தேதியும் சமூக ஊடகங்கள் மூடப்பட்டன. மூன்றாம் முறை மூடியபோது நாடு முழுவதும் எரிபொருள் வரிசையிலும் இருளிலும் நின்றது; முதல் வாரத்தில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியிருந்தது. தெற்கிலுள்ள சகோதரர் பலர் அன்றுதான் முதன்முறையாக, செய்தி அடைக்கப்படுவது எத்தகையது என்பதை உணர்ந்தனர். நாம் அதைக் கண்டு மகிழவில்லை. பெடல் சுழற்றிய கைகளுக்கு மட்டும் அது பழகிய அனுபவமாயிருந்தது.

வாசிகசாலையில் எழும் கருத்துகள் யாவும் நேரியவை என்று கூறி முகமன் பேச நாம் வரவில்லை. அன்று மாலையும் ஒருவர் தம் கைத்தொலைபேசியை நீட்டி, யாரோ அனுப்பிய ஒரு குரற்பதிவைக் கேட்பித்து, “இதுக்கு மேலை என்ன ஆதாரம் வேணும்?” என்றார். பேசியவர் யார், எங்கிருந்து, எப்பொழுது என்று கேட்டோம். அவருக்குத் தெரியாது. அயலவர் பத்துப் பேர் கூடிக் கேட்ட நாளில் பொய்ச் செய்தியை முற்றத்திலேயே ஒருவராவது மறுத்திருப்பார்; தனித்தனியே காதில் வைத்துக் கேட்கும் நாளில் மறுப்பார் இல்லை. ஆயினும் இதற்கு மருந்து 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போன்றதொன்று என்று கருதுவோர் நோயையும் அறியார், மருந்தையும் அறியார்.

விலைக்கு வருவோம். 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 வகை இறக்குமதிப் பொருள்களுக்கு முழுப் பெறுமதியையும் முன்கூட்டியே காசாக வைப்பிலிட வேண்டுமென விதித்தது. கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் அவற்றுள் அடங்கின. அடுத்த ஆண்டு ரூபாய் வீழ்ந்தது. டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. 2024 சனவரி முதலாந் தேதி பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசியும் அவ்வரிக்குள் வந்தது. பிள்ளையின் பாடம் தொலைபேசியில் வருகின்றது; வங்கிக் கணக்கு தொலைபேசியில்; வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகமும் அதிலேதான். இதனை ஆடம்பரப் பொருள் என்று கணக்கிடும் கை எந்த வீட்டில் வளர்ந்த கையோ, நாமறியோம்.

இவற்றையெல்லாம் விட அவசரமான ஒன்றுண்டு. இதைப் பற்றி நம் பிரதிநிதிகள் பேசக் கேட்டதில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பழைய ‘அனலொக்’ முறையிலிருந்து ‘டிஜிற்றல்’ முறைக்கு மாற்றுவதென 2014ஆம் ஆண்டு யப்பானிய முறை தெரிவு செய்யப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் மாற்றம் நிறைவுறவில்லை. அது நிறைவுறும் நாளில், அன்ரெனாவை நம்பியிருக்கும் பழைய பெட்டிகள் தாமாக எதனையும் காட்டமாட்டா. ஒவ்வொன்றுக்கும் அலையை மாற்றித் தரும் சிறு கருவி வேண்டும். அதன் விலையை யார் கொடுப்பது?

அமெரிக்காவில் இதே மாற்றம் 2009 பெப்ரவரியில் நடைபெறவிருந்தது. அரசாங்கம் வீட்டுக்கு இரண்டு வீதம், ஒவ்வொன்றும் 40 டொலர் பெறுமதியுள்ள பற்றுச்சீட்டுகளை வழங்கிற்று. ஒதுக்கிய பணம் தீர்ந்து மக்கள் காத்திருக்க நேர்ந்ததால், மாற்றத்தையே யூன் 12ஆந் தேதிக்குப் பின்போட்டனர். பிரித்தானியாவில் முதியோர்க்கும் வலுக்குறைந்தோர்க்கும் வீட்டுக்கே சென்று கருவியைப் பொருத்திக்கொடுத்தனர். இது தருமமன்று. பழைய முறையில் ஓர் அலைவரிசை பிடித்திருந்த இடத்திற் புதிய முறையில் பல அடங்கும். மிஞ்சும் அலைகளைத் தொலைபேசிக் கம்பனிகளுக்கு விற்கலாம். அமெரிக்கா 2008இல் அவ்வாறு ஏலம் விட்டு ஏறத்தாழ 1,900 கோடி டொலர் பெற்றது. பற்றுச்சீட்டுக்கான பணமும் அவ்வருவாயிலிருந்தே சட்டப்படி ஒதுக்கப்பட்டது. வானலை மக்களின் சொத்தாயின், அதை விற்ற பணத்தில் மக்களின் பங்கு அந்தச் சிறு கருவியாவது இல்லையா?

பல அலைவரிசைகளுக்கு இடம் வருமென்றால், தமிழ் இனியும் நேரம் பிரித்துக் குடியிருக்க வேண்டியதில்லை. முழு நாளும் இயங்கும் ஒரு தமிழ் அலைவரிசையும், வடக்குக்கும் கிழக்குக்கும் மலையகத்திற்கும் அவ்வவ்விடத்துச் செய்தி தரும் நேரங்களும் உரிமங்கள் எழுதப்படும் முன்னரே கேட்கப்படல் வேண்டும். எழுதிய பின் கேட்பது, காணி உறுதி முடித்த பின் எல்லைக்கு வழக்காடுவது போன்றது. அத்தகைய வழக்குகளை நாம் நிறையக் கண்டவர்கள்.

கூட்டம் ஒருவாறு ஏழு மணிக்குத் தொடங்கிற்று. ஆயத்தம் செய்துகொண்டு சென்ற உரையை விட்டு, மேற்கூறியவற்றையே பேசினோம். முடிந்ததும் ஓர் அம்மையார் ஒரு பொலித்தீன் பையை நீட்டினார். உள்ளே தொலைக்காட்சியின் உத்தரவாத அட்டையும் தவணைப் பணம் கட்டிய துண்டுகளும். இருண்டுபோன பெட்டிக்கு உரியவர் அவரே. அட்டையில் ஆங்கிலமும் சிங்களமும் இருந்தன, தமிழ் இல்லை. மின்னலால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்னும் வாசகம் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. “மின்னலே அடிக்கேல்லைத் தம்பி, மாரிக்கு முந்தியே நிண்டுபோச்சு” என்றார். உத்தரவாதம் ஓராண்டு, தவணையோ இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்தல் வேண்டும். ஓராண்டு உத்தரவாதத்தோடு விற்கப்படும் பொருளுக்கு மூன்று மாத முறைப்பாட்டுக் காலம்! இப்பிரிவைத் திருத்தக் கோரும் மனுவொன்றை வரைந்து வருகின்றோம். எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் இதனை எடுத்துச் செல்வார் என்பதை இப்பத்திரிகை வாயிலாகவே கேட்கின்றோம். அம்மையாரின் பொருட்டுக் கடையின் தலைமைக் காரியாலயத்திற்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் சிங்களத்தில் வந்தது. அதனை ஒருவரைக்கொண்டு வாசிப்பித்தபோது, எமது கடிதத்தை ஆங்கிலத்தில் மீண்டும் அனுப்பும்படி கேட்டிருந்தனர். இரண்டாம் கடிதமும் தமிழிலேயே சென்றிருக்கின்றது. பெட்டியைத் துணியால் மூடி வைத்துவிட்டு, அவர் செய்தி பார்க்க அயல்வீட்டுக்குப் போய்வருகின்றார்.