மூழ்கிய ஊருக்குப் பட்ட கடன்

இங்கிலாந்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை இலண்டன் மாநகரும் தேம்ஸ் நதியுமே. ஆனால் அந்நாட்டின் தொழில் நகரங்கள் குடிக்கும் தண்ணீருக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

டார்பிஷயர் மலைகளுக்கு நடுவே டெர்வென்ட் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. ஷெஃபீல்டு, டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நகரங்களின் தாகம் தணிக்க, 1899-ஆம் ஆண்டில் ஒரு குடிநீர் வாரியம் அமைக்கப்பட்டது. 1916-க்குள் ஹவ்டன், டெர்வென்ட் என்ற இரு கல் அணைகள் எழுந்தன. அவையும் போதவில்லை. ஆகவே 1935-இல் லேடிபவர் அணை வேலை தொடங்கியது. டெர்வென்ட், ஆஷப்டன் என்னும் இரண்டு கிராமங்கள் அதன் நீருக்குள் மறைந்தன. 1945-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அந்நீர்த்தேக்கத்தைத் திறந்து வைத்தார்.

"பலருடைய நன்மைக்காகச் சிலர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்" என்பார்கள். அணை தேவையில்லை என்று நானும் சொல்லவில்லை. அசுத்த நீரால் காலரா பரவி, ஆயிரக்கணக்கானோர் மாண்ட நாடு அது. ஆனால் தானாக விட்டுக்கொடுப்பது வேறு. விட்டுக்கொடுக்க வைக்கப்படுவது வேறு. முன்னது தியாகம். பின்னதால் பயன் பெற்றவர்களுக்கு அது கடன். தியாகத்தைப் பாராட்டலாம், கடனைத் தீர்க்கத்தான் வேண்டும்.

வாரியம் அக்கடனில் ஒரு பகுதியைச் செலுத்தியது உண்மையே. யார்க்ஷயர் பிரிட்ஜ் என்னுமிடத்தில் புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டன. கல்லறையில் துயின்றவர்களின் உடல்கள் பாம்ஃபோர்டில் மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டன. ஊரின் பழைய பாலம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் 1959-இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூடி வாழ்ந்த அயலாரை அவ்வாறு பிரித்துச் சேர்க்க முடியுமா? நினைவாக நீருக்கு மேல் நின்ற ஆலயக் கோபுரத்தையும், ஆபத்தானது என்று 1947-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

1976, 1995, 2018 ஆகிய வறண்ட ஆண்டுகளில் நீர் வற்றி, ஊரின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. கூட்டம் கூட்டமாக மக்கள் வேடிக்கை பார்க்க வந்தனர். 2018-இல் சிலர் அந்தச் சுவர்களில் கிறுக்கியும் வைத்தனர்! கடன்பட்டவர் செய்யும் செயலா இது?

மீதிக் கடனைத் தீர்க்க வழி உண்டு. இங்கிலாந்தில் குழாய்களில் விடப்படும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கசிந்து வீணாகிறது. ஓட்டைக் குழாயை அடைக்காமல் "தண்ணீர் போதவில்லை" என்றால், இன்னோர் அணை வேண்டும். அதற்கு இன்னோர் ஊர் வேண்டும். முதலில் கசிவை நிறுத்தட்டும். அந்நகரங்களின் பள்ளிகளில், நீர் வந்த கதையோடு மூழ்கிய ஊர்களின் பெயர்களையும் கற்பிக்கட்டும்.

அன்புத் தோழியரே! தாகத்துக்கு ஒரு குவளை நீர் தந்தவரையே நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஊரையே இழந்து நீர் தந்தவர்களை மறக்கலாமா?

— பத்தாம் வகுப்பு மாணவி