தெருவின் வசூல் யாருக்கு?

கடைவீதியில் கார் நிறுத்தக் காசு வாங்குவது நியாயமா? நியாயந்தான். ஆனால் அந்தக் காசு யார் பைக்குப் போகிறது?

அமெரிக்காவில் இரண்டு ஊர்களைப் பாருங்கள். கலிபோர்னியாவில் பாசடேனா நகரின் பழைய கடைவீதி நலிந்து கிடந்தது. கடைக்காரர்களும் சிப்பந்திகளுமே நாள் முழுதும் வாசலில் காரை நிறுத்தினர். சாமான் வாங்க வந்தவருக்கு இடமில்லை. 1993-ல் நகரசபை மணிக்கு ஒரு டாலர் வசூலிக்க மீட்டர் வைத்தது. செலவு போக மிஞ்சிய வருமானத்தை அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் செலவிட்டது. இடம் கிடைத்தது, ஜனங்கள் வந்தனர், வியாபாரம் தழைத்தது.

சிகாகோவில் நடந்ததென்ன? 2008-ல் நகரசபை சுமார் 36,000 மீட்டர்களை மார்கன் ஸ்டான்லி கூட்டத்தாருக்கு 75 ஆண்டுக் குத்தகைக்குத் தாரைவார்த்தது. கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். கைவிட்டது அதைவிட 97 கோடி அதிகம் பெறும் என்று 2009-ல் நகரசபையின் தலைமைத் தணிக்கையாளரே கணக்குக் காட்டினார். கட்டணம் மளமளவென்று ஏறியது. மீட்டர் இடங்களை நகரசபை அளவுக்கு மேல் மூடினால், கம்பெனிக்கு நஷ்டஈடு வேறு கட்ட வேண்டும்! இந்தக் கட்டு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடிக்கும்.

மீட்டர் ஒன்றுதான், பலன் இரண்டு. தெரு பொதுச்சொத்து. அதன் வசூல் தெருவுக்கே திரும்ப வேண்டும். எந்த ஊரில் மீட்டர் வந்தாலும், கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன், பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள்!