அடுத்தவர் கல்லறையில் உயிர்த்தவர்

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பக்கம் கம்பெனி மதில். மூன்றாவது பக்கம் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் இடம். ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் பைக்கில் போகிறவர்களுக்கு அங்கே சிலுவைகள் இருப்பதே தெரியாது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள்தான் பார்க்க முடியும். நான் சிறுமியாக இருந்தபோது சுற்றிலும் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்தன. அப்பா இந்தச் சபையில் உபதேசியார். ஈஸ்டருக்கு முந்தின நாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களையும் கூட்டிப்போவார்.

அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் புல் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்துவிட்டு வருவோம். ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு இருட்டோடு இருட்டாக அங்கே கூடி, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு பாட்டும் ஜெபமும் முடித்து, பவனியாக ஆலயத்துக்குத் திரும்புவோம். உயிர்த்தெழுந்த பண்டிகையைக் கல்லறையில் தொடங்குவது எனக்கு எப்போதும் சரியாகவே பட்டிருக்கிறது. ஏப்ரல் 5ஆம் தேதி வரும் இந்த ஈஸ்டரில், அந்தத் தோட்டத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று வாய் திறந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள சபைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுப் பின்பக்கம் ஷீட் போட்ட அறைகளில் ஜார்க்கண்டு பையன்கள் குடியிருக்கிறார்கள். சிம்டேகா மாவட்டத்துக்காரர்கள், உதிரிபாகக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை. 2011 கணக்கெடுப்புப்படி அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள். 1845இல் ஜெர்மனியிலிருந்து கோஸ்னர் மிஷன் ஊழியர்கள் ராஞ்சிக்கு வந்ததிலிருந்து, அந்தக் காட்டுப் பிரதேசத்தின் முண்டா, ஓராவோன், காடியா மக்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சபைகள் வளர்ந்திருக்கின்றன. ஈஸ்டர் அன்று பொழுது விடியும் முன்னே மெழுகுவத்தியோடு கல்லறைக்குப் போய், தாத்தா பாட்டி புதைந்த இடத்தில் உட்கார்ந்து பாடுவது அவர்கள் ஊர் வழக்கமும்தான். இங்கேயும் அப்படி உண்டு என்று நான் சொன்னதும் அந்தப் பையன்களின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மறக்க முடியாது. ராத்திரியே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அங்கே வந்து என்னிடம் கேட்டார்கள்: "டீச்சரம்மா, ஆள் வராத கல்லறை எது?" ஓரமாக இருந்த பழைய கல்லறைகளைக் காட்டினேன். அவற்றின் தலைமாட்டில் மெழுகுவத்தி வைத்துவிட்டு, தங்கள் மொழியில் மெல்லப் பாடினார்கள்.

போன மழைக்காலத்தில் அவர்களில் ஒருவன் நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் விபத்தில் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. ஊரிலிருந்து அவனுடைய அம்மா போனில் ஒன்றுதான் கேட்டார். அங்கே நம்முடைய கோயில் இருக்கிறதாமே, அங்கேயே ஜெபம் பண்ணி அடக்கம் செய்யுங்கள், போட்டோ மட்டும் அனுப்புங்கள் என்றார். உடலைக் கொண்டுபோக அவர்களிடம் வசதி இல்லை.

சபைக் கமிட்டி கூடியது. அங்கே பேசிய யாரையும் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். சபைப் புத்தகத்தில் அவன் பெயர் இல்லை, சந்தா அட்டை இல்லை, சொந்தச் சபையிலிருந்து கடிதம் இல்லை என்றார்கள். இருக்கிற இடம் நமக்கே போதாது, இன்றைக்கு ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எத்தனை பேர் வருவார்களோ என்றார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் கொடுக்கலாம் என்று வாதாடினோம். எடுபடவில்லை. பையன்கள் தங்களுக்குள் பணம் வசூலித்து, கடனும் வாங்கி, ஆம்புலன்ஸ் பிடித்து அவனைச் சிம்டேகாவுக்கு அனுப்பினார்கள்.

அதே கூட்டத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். வாலாஜாபாத் பக்கம் எங்கேயாவது மலிவாக ஒரு துண்டு நிலம் வாங்கி, வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிவிடலாம், கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். பணம் கேட்டால் கொடுப்பார்கள் என்றார். பலருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கு மத்தேயு சுவிசேஷத்தின் 27ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது.

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளை எடுத்துப் பிரசங்கம் செய்கிறோம். அதனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் உள்ள பகுதிகள் பிரசங்கத்துக்கு அதிகம் வருவதில்லை. அதில் அடக்கம் செய்யும் இடங்கள் இரண்டு வருகின்றன. முதலாவது, யூதாஸ் திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக்காசில் வாங்கிய குயவனின் நிலம். இரத்தப் பணம் ஆலயக் காணிக்கைப் பெட்டிக்குள் வரக்கூடாது என்று பிரதான ஆசாரியர்கள் ஆலோசித்து, அந்நியரை அடக்கம் செய்வதற்கென்று அதை வாங்கினார்கள். விதியும் மீறப்படவில்லை, அந்நியருக்கும் ஓர் இடம் ஆயிற்று. இரண்டாவது, அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்காகப் பாறையில் வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறை. அவர் பணக்காரர், எருசலேமில் பெயருள்ளவர். செத்தவரோ கலிலேயாவிலிருந்து வந்த தச்சர், அரசாங்கம் சிலுவையில் அறைந்த குற்றவாளி. அந்த உடலைப் பிலாத்துவிடம் போய்த் தனக்கென்று கேட்டு வாங்குவதில் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். யோசேப்பு வேறு இடம் தேடவில்லை. தன் இடத்தைக் கொடுத்தார். ஈஸ்டர் காலையில் பெண்கள் போய்ப் பார்த்தபோது காலியாகக் கிடந்தது அடுத்தவருக்குச் சொந்தமான அந்தக் கல்லறைதான்.

நாம் வாங்க நினைக்கும் தனி நிலம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது? பதில் எல்லோருக்கும் தெரியும் என்றே நம்புகிறேன். தனித்தனி அடக்க நிலம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிவாரியாகப் பிணங்களைப் பிரித்த சுவரைப் பற்றி எத்தனை வருஷம் பேசியிருக்கிறோம். அங்கே சாதி என்றால் இங்கே மொழி. ஒரு தலைமுறை போனால் அதுவும் சாதியாகவே இறுகிவிடும்.

எங்கள் சபைக்காரர்கள் தாங்கள் எப்படி இந்த மண்ணில் கால் ஊன்றினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு ஜில்லாவில் எங்கள் மூதாதையருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, குடியிருக்கும் குடிசை மனைகூட மிராசுதாரர் கையில் இருந்தது. கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இதற்காகத் தொடர்ந்து எழுதினார்கள், வாதாடினார்கள். 1892இல் பிறந்த ஆணைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு வேர். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் உள்ள மெல்ரோசாபுரம், நிலமில்லாத கிறிஸ்தவர்களுக்காக ஆண்ட்ரூ உண்டாக்கிய குடியிருப்பு. பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்துக்கு ஏங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆறடி இடத்துக்கு ஒருவன் காத்திருக்கும்போது அட்டை எங்கே என்று கேட்க எங்களுக்கு எப்படி மனம் வரும்?

இடம் போதாது என்பது உண்மைதான். சிப்காட் வந்த பிறகு இங்கே மனை விலை சபைகளின் கைக்கு எட்டாமல் போய்விட்டது. ஆனால் இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் தீர்ந்துபோய், குடும்பத்தின் பழைய கல்லறையையே திறந்து அடக்கம் செய்கிறார்கள். எங்கள் ஊரிலும் பல குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. ஆள் வராத பழைய கல்லறைகள் எங்களிடம் இருக்கின்றன. அந்தப் பையன்கள் மெழுகுவத்தி வைத்த அதே கல்லறைகள்.

இடத்தைவிடப் பெரிய தடை மனசுதான். 2020 ஏப்ரல் 19, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. நோயாளிகளைக் காப்பாற்றிய மருத்துவருக்கு நள்ளிரவில், வேலங்காட்டில், அவசர அவசரமாகக் குழி தோண்டினார்கள். கௌரவமான அடக்கம் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் அப்போது சொன்னது. அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்ற அவர் மனைவி வழக்குப் போட்டு அனுமதி பெற்றபோது 2021 மார்ச் ஆகிவிட்டது. அந்தக் கூட்டத்தை நாம் எல்லோரும் கண்டித்தோம். கல்லெறிந்து மறுப்பதும் சந்தா அட்டை கேட்டு மறுப்பதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். வாசலில் உடலோடு நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

செத்த பிறகு இடம் கொடுப்பது இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு நம் ஆலயத்தில் என்ன இடம்? சபைகள் குடும்பம் குடும்பமாகத்தான் எண்ணுகின்றன. இந்தப் பகுதியில் வேலை செய்கிற கிறிஸ்தவர்களில் எத்தனையோ பேர் இங்கே குடும்பம் இல்லாதவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் முதலமைச்சர் திறந்துவைத்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஆறு விழுக்காடு. அந்தக் கணக்கில் பார்த்தாலே, விடுதி நிறைந்திருக்கும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். எங்கள் சபைப் புத்தகத்தில் அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்த பிள்ளைகள், ஊரில் ஞாயிறுப் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர்கள், இங்கே பெரிய வெள்ளியன்று போனில் ஊர் ஆராதனையைப் பார்த்துக்கொண்டு லைனுக்குப் போகிறார்கள்.

விடுமுறை பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிறு ஓய்வு இந்தியத் தொழிலாளிக்குத் தானாக வந்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890இல் வாங்கிக்கொடுத்தது. தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளுக்கு உரிமை தருகிறது. அந்த ஐந்தில் பெரிய வெள்ளி சேர்வதும் சேராததும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சேராத இடத்தில், கேட்கிற தொழிலாளிக்கு அன்று லீவு கொடுங்கள், வேறொரு நாள் வேலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகங்களை வேண்டுகிறேன். ரம்ஜானுக்கும் இதே கோரிக்கை பொருந்தும்.

கம்பெனியிடம் கேட்பதற்கு முன் சபை தன் நேரத்தை மாற்றலாம். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் ஆறரை மணிக்கு எங்கள் மாதர் சங்கம் இட்லி, வடை, கேசரி பரிமாறுகிறது. அந்த நேரத்தில்தான் நைட் ஷிப்ட் முடிந்து பஸ்கள் கிளம்புகின்றன. அந்தப் பிள்ளைகள் ஆலயத்துக்கு வந்து சேரும்போது அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருப்போம். யோவான் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு என்ன செய்தார்? இரவெல்லாம் வலை வீசிக் களைத்து, விடியற்காலையில் கரைக்கு வந்தவர்களுக்காகக் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் சுட்டு வைத்துக் காத்திருந்தார். சாப்பிட வாருங்கள் என்று அவரே கூப்பிட்டார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஈஸ்டர் அன்று காலை உணவு கொடுக்க இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். இந்த வருஷம் எட்டரை மணிக்கு இரண்டாவது பந்தி வைக்க மாதர் சங்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அரிசி ஊறப்போடும் அளவைக் கூட்டினால் போதும். அதே நேரத்தில் ஒரு சின்ன ஆராதனையும் வைத்து, வேதபாடத்தைத் தமிழிலும் இந்தியிலும் வாசிக்க ஆயர் சம்மதித்திருக்கிறார்.

கல்லறைத் தோட்ட விஷயம் கமிட்டியில்தான் தீர வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு வரும் கூட்டத்துக்கு எழுத்தில் தீர்மானம் கொடுத்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் தங்கி வேலை செய்யும் எந்தக் கிறிஸ்தவரும், தங்கியிருக்கும் அறையின் முகவரியைக் கொடுத்துச் சபைப் புத்தகத்தில் தனி ஆளாகப் பெயர் பதியலாம். சொந்தச் சபையின் கடிதம் பிறகு வந்தால் போதும், காண்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சந்தா கட்டாயமில்லை. பெயர் பதியாமல் இறந்துபோனாலும், இரண்டு சபையார் கேட்டுக்கொண்டால், பொதுத் தோட்டத்திலேயே மற்றவர்கள் வரிசையில் அடக்கம். முன்மொழிபவர் இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. வழிமொழிய ஒருவர் வேண்டும். மற்றச் சபைகளிலும் இதே தீர்மானத்தை எடுத்துப் பேச விரும்புகிறவர்கள், வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.