திட்டிவாசலுக்குக் காவல் எங்கே?

நமது திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில் நிற்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் நச்சு நிரல் புகுந்ததென்று 2019-ஆம் வருஷத்தில் எழுந்த செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்டோபர் 29-ந் தேதி நிலையத்தார் அதை மறுத்தனர். மறுநாளே, அந்நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தார் நிரல் காணப்பட்டது மெய்யே என்று அறிக்கை விட்டனர். சர்க்காரின் ‘செர்ட்-இன்’ ஸ்தாபனம் அதைச் செப்டம்பர் 4-ந் தேதியே கண்டு தெரிவித்திருந்ததென்பதும் அப்போதுதான் ஜனங்களுக்குத் தெரியவந்தது.

நிரல் புகுந்தது, காரியாலய வேலைக்கென்று இண்டர்நெட்டுடன் இணைந்த வலையிலிருந்த ஒரு யந்திரத்திலேதான் என்றும், முக்கியமான உள்வலை அதனின்று பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகத்தார் கூறினர். இதிலிருந்து பாடங்கள் இரண்டு கிடைக்கின்றன. ஆளும் வலையை அன்றாட வலையினின்று பிரித்து வைப்பதே பாதுகாப்பின் அஸ்திவாரம் என்பது ஒன்று. உண்மையை உடனே ஜனங்களுக்கு உரைக்கவேண்டும் என்பது மற்றொன்று.

இவை அணுமின் நிலையத்துக்கு மட்டும் உரியவையல்ல. இன்று ஆஸ்பத்திரிகளும் பாங்கிகளும் சர்வகலாசாலைகளும் சர்க்கார் இலாகாக்களும் ‘மெய்நிகர் யந்திரம்’ என்னும் முறையைக் கையாளுகின்றன. ஒரு பெரிய சர்வரின்மீது ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருளை ஏற்றினால், அந்த ஒன்றினுள்ளேயே பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியே இயங்குவதுபோல் வேலை நடக்கும். செலவும் இடமும் மிச்சமாகும். ஆனால் அவை அனைத்தையும் படைக்கவும் நிறுத்தவும் அழிக்கவும் வல்ல நிர்வாக வாயில் ஒன்று உண்டு. அதனுள் நுழைந்தவனுக்கு ஒவ்வொரு யந்திரத்தின் கடவுச்சொல்லையும் தேடவேண்டிய அவசியமில்லை.

இதன் அபாயம் தாமிரபரணிக் கரையாருக்கு எளிதில் விளங்கும். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றின் மடையை விஷமி ஒருவன் திறந்துவிட்டால், அந்தக் கால்வாய்ப் பாசனம் கெடும். பாபநாசம் மேலணையே அவன் கைக்குப் போய்விட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் என்ன ஆகும்? கோபுரக் கதவைத் தாழிட்டுவிட்டுத் திட்டிவாசலைத் திறந்துபோட்டு உறங்குவது காவலாகுமா?

உலகம் இதை அனுபவத்தில் கண்டுவிட்டது. 2023 பிப்ரவரியில் ‘விஎம்வேர்’ கம்பெனியின் ‘இஎஸ்எக்ஸ்ஐ’ என்னும் ஹைப்பர்வைசர் ஏறிய சர்வர்கள், பல தேசங்களில் ஆயிரக்கணக்கில், பணம் பறிக்கும் கூட்டத்தாரால் பூட்டப்பட்டன. 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வெளியான ஒரு பிழையின் வழியே அவர்கள் புகுந்ததாகத் தெரிகிறதென்று பிரெஞ்சு தேசத்தின் சைபர் காவல் ஸ்தாபனம் எச்சரித்தது. இரண்டு வருஷம் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உண்ணாதவர்கள் நோயை நோவதில் பயன் என்ன? 2024 ஜூலையிலோ மைக்ரோஸாப்ட் கம்பெனியார் இன்னொரு விசித்திரத்தை வெளியிட்டனர். காரியாலயத்தின் பொதுப் பயனர் பட்டியலுடன் இணைக்கப்பட்ட இஎஸ்எக்ஸ்ஐ சர்வர், அப்பட்டியலில் ‘இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்’ என்ற பெயரில் யார் ஒரு குழுவை அமைத்தாலும், அக்குழுவினருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுமாம்! பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சாவியை நீட்டும் காவற்காரனை என்னென்பது?

பரிகாரம் அரியதன்று. நிர்வாக வாயிலை இண்டர்நெட்டில் வைக்கலாகாது. அதற்கெனத் தனி வலை வேண்டும். காவலுள்ள ஒரே வழியாக மட்டும் அதை அணுகவேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது அத்தாட்சியும் கேட்கவேண்டும். உள்ளே வந்தவர் யார், செய்தது என்ன என்ற குறிப்பு வேறொரு யந்திரத்தில் பதிவாகவேண்டும். நகல்கள் வலைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். ஆதரவு முடிந்த பதிப்புகளைக் களையவேண்டும். இஎஸ்எக்ஸ்ஐ ஏழாம் பதிப்புக்கு 2025 அக்டோபர் 2-ந் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது.

அந்நியக் கம்பெனியின் பூட்டை ஏன் நம்பவேண்டும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் சீமையிலே இக்கேள்வி எழாமல் இராது. மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கக்கூடிய ‘கேவிஎம்’ போன்ற சுதந்திர மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை நமது இளைஞர்கள் கற்றுத் தேர்வது அவசியம். ஆனால் சுதேசிப் பூட்டும் பூட்டினால்தான் பூட்டாகும்.

இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டுமென்று 2022 ஏப்ரல் 28-ந் தேதி செர்ட்-இன் உத்தரவிட்டது. அது சர்க்காருக்குச் சொல்வது. ஜனங்களுக்குச் சொல்வது யார் பொறுப்பு? கூடங்குளத்தில் நேர்ந்ததுபோல் முதல்நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும் வந்தால் மெய்யான ஆறுதலையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

ஆகவே, தேச ஊழியர்கள் தத்தம் நகரசபையிலும் கூட்டுறவுப் பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். நிர்வாக வாயில் எந்த வலையில் இருக்கிறது? அதன் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது? கடைசியாகத் திருத்தம் ஏற்றியது எந்தத் தேதி? விடை சொல்லத் தயங்குமிடத்தில் திட்டிவாசல் திறந்தே கிடக்கிறதென்று அறியலாம். அதிகாரிகள் இன்றே தாழிடுவார்களாக.