சுவரில் ஏறும் பசுமை: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மேன்மை தங்கிய சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்கள் சமூகத்துக்கு,

மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும், ஒரு மரத்தின் வேருக்குக்கூட இடமின்றி வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளில், மிஞ்சியிருக்கும் வெற்றிடம் சுவர் ஒன்றே. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மேற்குச் சுவர், இரவு படுக்கப்போகும் வேளையிலும் உள்ளிருப்போர் மீது அனலை உமிழ்வதையும், அதே சுவரின்மேல் இலைத்திரை ஒன்று படர்ந்துவிட்டால் கதிரின் உக்கிரம் இலையோடு நின்றுவிடுவதையும் பிரத்தியட்சமாக அறிந்தவர்கள், சுவர்த் தோட்டத்தின் அவசியத்துக்கு வேறு பிரமாணம் கேட்கமாட்டார்கள்.

என் விண்ணப்பமெல்லாம் அதை அமைக்கும் முறையைப் பற்றியதே. பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் பாட்ரிக் பிளாங்க், பாரிஸ் நகரத்துக் கே பிரான்லி அருங்காட்சியகத்தின் சுவரில் வளர்த்த தோட்டம் உலகப் பிரசித்தமானது. ஆனால் மண்ணே இல்லாமல், கம்பளி போன்ற விரிப்பில் வேர்பிடித்த செடிகளுக்கு மேலிருந்து குழாய்வழியே சத்துநீர் இறங்கும் அந்த ஏற்பாட்டில், நீர் நின்றால் ஜீவனும் நின்றுவிடும். லண்டன் மாநகரின் இஸ்லிங்டன் பகுதியில், குழந்தைகள் நிலையம் ஒன்றின்மீது பெரும் பொருட்செலவில் எழுந்த பசுஞ்சுவர், நீர்ப்பாய்ச்சல் பழுதுபட்டு 2009-ஆம் ஆண்டில் காய்ந்து சருகாயிற்று. லண்டனிலேயே அக்கதி நேர்ந்ததென்றால், 2019 ஜூனில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் ஒருசேர வறண்டு, ஜனங்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துநின்ற நம் நகரத்தில், கைப்பிடி மண் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டிகளைச் சுவரில் அடுக்கடுக்காக மாட்டிவிட்டு, அக்கினி நட்சத்திரத்தில் அவை பிழைக்கும் என்று எதை நம்பிச் சொல்வது? அத்தகைய தொட்டி வரிசையைக் கிட்டே நின்று பார்த்தால், விட்ட நீரெல்லாம் கீழே இறங்கிவிட, மேல்வரிசை கருகியும் கீழ்வரிசை வேரழுகியும் நிற்பது தெரியும்.

ஆகையால், சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குச் சிமென்டைப் பெயர்த்து, தரையிலேயே கொடியை ஊன்றி, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை கட்டி, அதன்மேல் ஏற்றிவிடும் முறையையே பிரதானமாகக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முல்லையும் ரங்கூன் மல்லியும் கோவையும் நம் வெயிலுக்குப் பழகியவை. வேர் நிலத்தில் ஆழ்ந்தபின் இரண்டொரு நாள் நீர் தவறினாலும் தாங்கும். கொடிப்பசலை படரவிட்டால் வீட்டுக்குக் கீரையும் ஆயிற்று. ஏ.சி. குழாயிலிருந்து சொட்டி, சுவரில் பாசிக்கோடு இழுத்து வீணாகும் நீரைக் கொடியின் அடிக்குத் திருப்புவதற்கு ஒரு துண்டுக் குழாய் போதும்.

சிங்கப்பூர் அரசாங்கம் 2009-இல் ஆரம்பித்த திட்டத்தில், கூரையிலும் சுவரிலும் பசுமை அமைப்போருக்குச் செலவில் பாதிவரை உதவிற்று. அவ்வளவு இயலாவிடினும், கொடி வளர்க்கும் வீட்டாருக்குச் சொத்துவரியில் சிறு சலுகையேனும் அளிக்கலாம். பொதுச்சுவர்களில் தோட்டம் அமைக்கும் ஒப்பந்தக்காரருக்கோ, நட்டு முடித்த அன்றே முழுத்தொகையையும் கொடுத்துவிடாமல், செடிகள் இரண்டு கோடைகளைக் கடந்து உயிரோடு நிற்பதைத் தங்கள் அதிகாரிகள் நேரில் கண்ட பின்பே கடைசித் தவணையை வழங்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நகரவாசி ஒருவன்