சந்தை கைவிட்ட 'பூனூனூனூஸ்'

டிசம்பர் வந்தா ஹெவ்லொக் டவுனில இருந்து வெள்ளவத்தை போறதுக்குள்ள ஏதாவது ஒரு கடையில போனி எம் பாட்டு கேட்கும். 'ரஸ்புட்டின்', 2021இல் திருச்சூர் மருத்துவக் கல்லூரி மாணவர் இருவர் ஆடிய வீடியோவால எங்கட தலைமுறைக்கும் வந்து சேர்ந்தது. ஆனா அதே குழுவின் 1981ஆம் ஆண்டு அல்பம் 'பூனூனூனூஸ்' பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. வியாபாரச் சரிவு தொடங்கின இடம் எண்டு ஒரு வரியில முடிச்சிடுவினம். எங்களுக்கு அது நியாயமாப் படேல்ல.

1978இல் 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்' பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில நிண்டது. அந்த வருச அல்பமும் அடுத்த வருச அல்பமும் அங்க முதலிடம். ஆனா இந்த வெற்றியில ஒரு சூட்சுமம் இருந்தது. மேடையில பொபி பாரல் வாயசைப்பார். இசைத்தட்டில கேட்பது ஜேர்மன் தயாரிப்பாளர் பிராங்க் பாரியனின் குரல். மெய்சி வில்லியம்ஸின் குரலும் பதிவுகளில இல்லை. உண்மையில பாடினது லிஸ் மிச்சலும் மார்சியா பரட்டும்தான். நாலு பேரும் கரீபியன் தீவுகளில பிறந்தவை. ஆனா அவைக்குக் கிடைச்சது ரஷ்யச் சாமியார் கதையும் விண்வெளிப் பயணமும்.

'பூனூனூனூஸ்' வேறுபடுறது இங்கதான். மிச்சலும் பரட்டும் பிறந்த ஜமேக்காவின் வாசனை அதில இருக்கு. தலைப்பே ஜமேக்காப் பேச்சுவழக்குச் சொல். 'மலைக்கா' எண்ட சுவாஹிலிப் பாட்டும், உலகத்தை நாங்களே அழிக்கிறம் எண்டு சொல்லுற பாட்டும் அதில இருக்கு.

குறை இல்லாமலில்லை. ஜமேக்கா போனாலும் கடிவாளம் பாரியன் கையிலதான். பாரலும் அந்த வருசமே குழுவை விட்டுப் போனார். ஆனா அல்பம் விழுந்ததுக்கு இது மட்டும் காரணமில்லை. டிஸ்கோவின் காலம் முடிஞ்சிருந்தது. 1979 ஜூலையில சிக்காகோ மைதானமொன்றில டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவிச்சு வெடி வைச்சே தகர்த்தவை. பிரிட்டன் சிந்தசைசர் இசைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஊர்வாசனை கொஞ்சம் கூடின நேரம் பார்த்து, கேட்கிற ஆக்கள் குறைஞ்சிட்டினம்.

இது எங்களுக்கும் பழக்கமான கதை. சென்னைத் தமிழில பாடினாத்தான் வியூஸ் வரும், எங்கட பேச்சில பாடினா ஆர் கேட்பினம் எண்டு கொழும்பில பாட்டுச் செய்யிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் புத்தி சொல்ல ஆக்கள் இருக்கினம். வியூஸ் ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஒரு பாட்டைத் தோல்வி எண்டு எழுத முதல், அது ஆரின்ட குரலில பாடப்பட்டது எண்டும் கேட்பம்.