கத்தி பிடித்தவருக்குக் கைதட்டல்... அளந்தவருக்கு?

சிறுநீரக மாற்று ஆபரேஷன் என்றதும் யார் ஞாபகத்துக்கு வருகிறார்? சர்ஜன். பேப்பரில் போட்டோ வருவதும் அவருக்குத்தான். வரட்டும், வேண்டாம்னு யார் சொன்னது? ஆனால் தையல் பிரித்த பிறகு அந்தச் சிறுநீரகத்தை வருஷக்கணக்கில் காப்பாற்றுவதில் ஒரு டியூப் ரத்தத்துக்கும், அதை அளக்கிற டெக்னீஷியனுக்கும் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான மாற்று, ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. அதனால் உடம்பு எதிர்க்கவில்லை. மற்றவர்களுக்கு? அந்நிய உறுப்பை உடம்பின் காவல்படை சும்மா விடுமா? அடக்க மருந்து வேண்டும். 1969-ல் ஸாண்டோஸ் கம்பெனி ஊழியர் ஒருவர் லீவில் நார்வே போய், ஹார்டாங்கர்விடா பீடபூமியின் மண்ணைக் கொஞ்சம் அள்ளி வந்தார். அதிலிருந்த பூஞ்சை தந்ததுதான் சைக்ளோஸ்போரின். 1978-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. டோஸ் கூடினால், எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வந்ததோ அதையே கெடுத்தது! 1984-ல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கண்டுபிடித்த டாக்ரோலிமஸுக்கும் அதே குணம்.

கூடினால் விஷம், குறைந்தால் உடம்பு உறுப்பைத் தள்ளிவிடும். நடுவில் இருக்கிற சந்து எவ்வளவு தெரியுமா? டாக்ரோலிமஸுக்குப் பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 முதல் 15 நானோகிராம். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. கல்லீரலிலும் குடலிலும் இருக்கிற சி.ஒய்.பி.3ஏ என்ற நொதிதான் இந்த மருந்தை உடைக்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அது வேகமெடுக்கும், மருந்து அளவு சரியும். எரித்ரோமைசின் சாப்பிட்டால் நொதி படுத்துவிடும், அளவு எகிறும்.

இங்கேதான் நம்ம ஆள் வருகிறார். ரத்தத்தை அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் எடுக்கணும். நோயாளி காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து கை நீட்டினால், ரீடிங் பொய்யாக ஏறி நிற்கும். டாக்டர் டோஸைக் குறைப்பார். அடுத்து என்ன? நல்ல சிறுநீரகம் போச்சு! மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால் சீரம் பிரித்து அளந்தாலும் வேலைக்காகாது, முழு ரத்தம் வேண்டும். போதாததற்கு, ஆன்டிபாடி முறையில் அளந்தால் உடைந்த துண்டுகளையும் சேர்த்து எண்ணி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை விட அதிகமாகக் காட்டுவதுண்டு. பாதியில் லேபை மாற்றினால் கதை கந்தல். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிற கலாசாரம் நம் லேப்களில் இருக்கே, அந்தப் பழக்கத்தோடு ஒருவர் இந்த வேலைக்குப் போனால்? நினைச்சாலே பகீர்னு இருக்கு.

கொலஸ்ட்ரால் சமாச்சாரம் இன்னும் சுவாரஸ்யம். சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். சரி, ஸ்டாட்டின் கொடுக்கலாமென்றால், சைக்ளோஸ்போரின் அந்த ஸ்டாட்டினின் அளவையும் ஏற்றும். சிம்வாஸ்டாட்டினை இதோடு சேர்க்கவே கூடாது. தசை சிதைந்து, அந்தக் கழிவு மறுபடி சிறுநீரகத்தைத்தான் அடைக்கும்.

ஆனால் அதே கொலஸ்ட்ரால் ஒரு உபகாரமும் செய்கிறது. மருந்தை உடைக்கிற அந்த நொதி, கொலஸ்ட்ராலில் துளியூண்டை 4-பீட்டா-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ராலாக மாற்றுகிறது. நொதி வேகமாக ஓடினால் இது கூடும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2001-ல், சில வலிப்பு மருந்துகள் சாப்பிடுபவர்களிடம் இது பல மடங்கு ஏறியிருப்பதைக் காட்டினார்கள். உடம்பே வைத்திருக்கும் மீட்டர்! புது மருந்து எதையும் ஊசி போட்டுச் சோதிக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்ஸ்ட்ருமென்டேஷன் தோழர்கள் கவனிக்க: இதன் அரை ஆயுள் சுமார் 17 நாள். ரொம்ப மெதுவான மீட்டர். இன்றைய டோஸ் என்னன்னு கேட்டால் போன மாசத்துக் கதையைச் சொல்லும். நொதியின் நீண்டகாலப் போக்கைப் பார்க்க அருமையானது, சந்தேகமில்லை. நாளைக் காலை டோஸை முடிவு செய்ய அது உதவாது. அதற்கு ஊசியைக் குத்துமுன், “மாத்திரை போட்டுட்டீங்களா?” என்று கேட்கிற ஒருவர்தான் வேண்டும்.